அமாவாசையன்று நின்றுபோன மஞ்சள் கார்

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் இருந்த ஒர்க் ஷாப்பை என்னிடம் வேலை கற்ற மனோகரிடம் போன வருடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பிறகும் மெல்லிய வயர்களின் நிறம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பச்சையும் நீலமும் ஒன்றாகத் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்ப்பது மற்றவர்களுக்கு ஆபத்து.

போன மாதம் மனோகர் வீட்டுக்கு வந்திருந்தான். "இப்ப வர்ற வண்டியில டிஸ்ட்ரிபியூட்டரே கெடையாதுண்ணா. கம்ப்யூட்டர மாட்டுனா கோளாறு இன்னான்னு அதுவே சொல்லிடுது. பழைய வண்டி எப்பனாச்சும் ஒண்ணு வந்தா நாங்க முழிச்சிக்கினு நிக்கிறோம். நீங்க பாத்த கேசுங்கள எழுதிக் குடுங்க. அந்த ரோட்டரி எஞ்சின் காரப் பத்திக் கண்டிப்பா எழுதணும்" என்றான்.

ரோட்டரி எஞ்சின் காரைப் பழுது பார்த்த கடை என்று எங்கள் கடைக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் மனோகர் இவ்வளவு உற்சாகமாகக் கேட்டிருக்க மாட்டான். கேட்டுவிட்டான், எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினில் நெருப்புப் பொறி வைப்பது பிளக். பேட்டரி மின்சாரத்தை அதற்குத் தகுந்தபடி பல மடங்கு ஏற்றித் தருவது காயில். எந்தப் பிளக்குக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்று பங்கு பிரித்து அனுப்புகிற உருளைதான் டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் பாயிண்ட் என்று ஒன்று, கண் இமை போலத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அது திறக்கிற கணத்தில் பொறி பிறக்கும். ஒரு சொம்பு அளவுக்குள் இத்தனையும் அடங்கிவிடும். நடுரோட்டில் நின்ற வண்டிகளில் பெரும்பாலானவை அந்தச் சொம்புக்குள் நடந்த ஏதோ ஒரு சின்ன விஷயத்தால் நின்றவைதான்.

பத்தாவதில் தேறாமல் வல்லத்திலிருந்து செஞ்சிக்குச் சைக்கிள் மிதித்து வந்து டைனமோவுக்குக் கம்பி சுற்றக் கற்றேன். விழுப்புரத்தில் கொஞ்ச காலம், புதுச்சேரியில் கொஞ்ச காலம் இருந்தேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்த பிறகுதான் செஞ்சிக்குத் திரும்பி வந்து கோதண்டம் அண்ணனின் ஒர்க் ஷாப்பில் சேர்ந்தேன். வேலை தெரிந்தவனாகத்தான் சேர்ந்தேன். அவர் என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். சிங்கவரத்துக்காரர். ஒல்லியான உடம்பு, காக்கிப் பேண்ட், சட்டைப் பையில் எந்நேரமும் கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற ஒரு டெஸ்ட் லேம்ப்.

வண்டிக்காரர் வந்து கோளாறைச் சொல்ல ஆரம்பித்தால் முதல் வேலையாகக் கடை ரேடியோவை நிறுத்திவிடுவார். அவர் சொல்லி முடிக்கிற வரை வண்டியைத் திரும்பியும் பார்க்க மாட்டார், சொல்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கேள்விகள் தொடங்கும். அவை சில பேருக்கு எரிச்சலாக இருக்கும்.

மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த ஒருவரின் கார் இருந்தாற்போல் இருந்து நின்றுவிடும். திண்டிவனத்தில் காயிலை மாற்றினார்கள், புதுச்சேரியில் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றினார்கள். அப்படியும் நின்றது.

"எந்த எடத்துல நிக்குது?" என்று கேட்டார் அண்ணன்.

"எடமா? எங்க வேணா நிக்குதுப்பா."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. நேர் ரோட்ல நின்னுதா, திரும்பும்போது நின்னுதா?"

மண்டிக்காரர் யோசித்தார். வலது பக்கம் திரும்பும்போதுதான் நின்றிருக்கிறது. அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். பானெட்டைத் திறக்கவே இல்லை. கார்ச் சாவியோடு கோர்த்திருந்த குடோன் சாவிக்கொத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "இத மடியில கட்டிக்குங்க" என்றார். திரும்பும்போதெல்லாம் அந்தக் கனமான கொத்து ஆடிச் சாவித் துவாரத்தை இழுத்துக் கரண்டை விட்டுவிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. மண்டிக்காரர் இந்தக் கதையைக் கடைவீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அண்ணனிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. கோளாறு தானாகச் சரியாகிப்போன வண்டியை வெளியே விட மாட்டார். "ஓடுது சரி, அது ஏன் நின்னுதுன்னு நமக்குத் தெரியணும் இல்ல?" என்பார். அதனால் வாடிக்கை போனதும் உண்டு. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த மஞ்சள் கார் டாக்டர் மனோன்மணியுடையது. கடைவீதிக்குப் பின்னால் பிரசவ கிளினிக் வைத்திருந்தார். தனி ஆள். செல்போன் ஊருக்குள் வராத காலம் அது. சுற்றுவட்டக் கிராமங்களில் மருத்துவச்சி கை விட்ட கேஸ் என்றால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று கூடக் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மலேசியாவில் வேலை பார்த்த அவருடைய தம்பி கப்பலில் கொண்டுவந்த கார் அது. அவர் திரும்பிப் போகும்போது அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார். தாழ்வாக, இரண்டே கதவுகளோடு இருக்கும். அது வந்தால் வயலில் களை பறிக்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். சத்தமே வேறு. மற்ற வண்டிகள் தடதடக்கும், இது தேனீக் கூட்டம் போல ஒரே சீராக இரையும்.

அது ரோட்டரி எஞ்சின். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டன் கிடையாது. சமோசா போல மூன்று முனை உள்ள இரும்பு ஒன்று கூட்டுக்குள் சுற்றும். இந்தக் காரில் அப்படி இரண்டு. ஒவ்வொரு கூட்டுக்கும் கீழே ஒரு பிளக், மேலே ஒரு பிளக். கீழ் பிளக் முதலில் நெருப்பு வைக்கும். மேல் பிளக் இமைப்பொழுது தள்ளி வைத்து மிச்சத்தை எரிக்கும். கீழ் பிளக்குகளுக்கு ஒரு காயில், ஒரு பாயிண்ட். மேல் பிளக்குகளுக்கு வேறு காயில், வேறு பாயிண்ட். இரண்டு பாயிண்டும் இருப்பது ஒரே டிஸ்ட்ரிபியூட்டருக்குள்.

டாக்டரம்மா காரைக் கொண்டுவந்த அன்று அண்ணன் ரேடியோவை நிறுத்தினார்.

"எப்படிம்மா நின்னுது? குலுக்கிக் குலுக்கி நின்னுதா, ஒரேயடியா நின்னுதா?"

"சாவியத் திருப்பி ஆஃப் பண்ண மாதிரி நின்னுச்சு கோதண்டம்."

"நிக்கும்போது நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"கார் ஓட்டிட்டு இருந்தேன். வேற என்ன பண்ணுவாங்க?"

அண்ணன் சிரிக்கவில்லை. "ஆக்சிலேட்டர அழுத்துனீங்களா, விட்டீங்களா?"

"ரெண்டும் இல்ல. நல்ல ரோடு. ஒரே சீரா போயிட்டிருந்தேன்."

குலுக்கி நின்றால் பெட்ரோல், ஒரேயடியாக நின்றால் கரண்ட். ஆகவே கரண்டுதான் என்று முடிவு செய்துகொண்டு இறங்கினோம். கீழ் காயிலை மாற்றினோம். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரை மாற்றினோம். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தோம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் முடி அளவு விரிசல் இருந்தாலும் பொறி அதன் வழியே ஓடிவிடும் என்பதால் கதவைச் சாத்தி இருட்டாக்கிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒரு தகர டப்பா ஒட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும். வண்டி சீராக ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சல் அந்தக் குழாய் வழியாக உள்ளே இருக்கும் தட்டைச் சற்று இழுத்து, பொறி கொஞ்சம் முன்னதாக விழும்படி செய்யும். பாயிண்ட் அந்தத் தட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தோம். தட்டு நகர்ந்தது. சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. மேல் பிளக் இரண்டிலும் பொறியே இல்லை. அந்தக் காயிலுக்குக் கரண்டே வரவில்லை. டாக்டரம்மா டெலிபோன் பூத்துக்குப் போய்த் தம்பியிடம் பேசிவிட்டு வந்தார்.

"அந்த மாடல்ல நின்ன எடத்துல மேல் பிளக் வேலை செய்யாதாம். ரோட்ல ஓடும்போதுதான் கரண்ட் போகுமாம். அங்க இருக்கற மெக்கானிக்கக் கேட்டுச் சொன்னான்."

அப்படிப்பட்ட மாடல்களும் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இந்தக் கார் அந்த மாடல் இல்லை. ஆனால் எங்களிடம் அந்தக் காருக்குப் புத்தகம் இல்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை. அண்ணனுக்கு அரை மனசுதான். ஆனாலும் தெரியாத ஒயரிங்கில் கை வைக்க வேண்டாம் என்று விட்டார்.

அதன் பிறகு ஒரு வாரம் கார் நிற்கவே இல்லை. அண்ணன் மேல்மலையனூர் வரைக்கும் ஓட்டிப் போனார், நான் ஆலம்பூண்டி வரைக்கும் ஓட்டிப் போனேன். நிற்கவில்லை. டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டும் அண்ணன் சாவியைக் கொடுக்கவில்லை.

அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகிற நாள். டாக்ஸி ஸ்டாண்டு காலியாகக் கிடந்தது. வேன்காரர்கள் யாரும் ஊரில் இல்லை. பஸ்களிலும் பாதி ஸ்பெஷலாகப் போய்விட்டன. வெயில் தாழ்ந்த நேரத்தில் டாக்டரம்மா கடைக்கு வேகமாக நடந்து வந்தார். பின்னால் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெயர் பச்சையப்பன். வல்லம் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துக்காரர். அவர் மனைவி செல்விக்கு வீட்டிலேயே குழந்தை பிறந்திருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை. அவ்வளவு தூரமும் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சாவியக் குடுங்க கோதண்டம்."

"வேணாம்மா. அது ஏன் நின்னுதுன்னு எனக்கு இன்னும் தெரியல."

"ஒரு வாரமா நிக்கலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நிக்கல. அதுக்காக சரியாயிடுச்சின்னு நான் எப்படிம்மா சொல்றது?"

"வேற வண்டி காட்டுங்க, அதுல போறேன்."

கடையில் இருந்தவற்றில் ஒன்றுக்கு டைனமோ இல்லை, இன்னொன்றுக்குச் சக்கரமே இல்லை. எனக்கும் அண்ணனுக்கும் இருந்தது சைக்கிள்தான். பச்சையப்பன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு என்னிடம், "ஏழுமல, பொட்டிய எடுத்துக்க. நீ கூடப் போ" என்றார்.

டாக்டரம்மா ஓட்டினார். நான் டூல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பின் சீட்டில் பச்சையப்பன் குனிந்தபடி. கார் அருமையாக ஓடியது. வல்லம் தாண்டினோம். "இன்னும் கொஞ்ச தூரந்தாம்மா, கைகாட்டி வரும்" என்றார் பச்சையப்பன். கிளம்பியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. சொல்லி வாய் மூடவில்லை, எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பி ஆஃப் செய்தது போலத்தான் நின்றது. டாக்டரம்மா சொன்னது எவ்வளவு சரியான வார்த்தை என்று அப்போது தெரிந்தது.

ஸ்டார்ட் செய்தோம், வந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. நான் இறங்கி மூடியைக் கழற்றினேன். பாயிண்டைத் துடைத்தேன். கண்ணுக்கு எல்லாம் சுத்தமாக, அதனதன் இடத்தில் இருந்தன. வயரை அசைத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. ஸ்டார்ட் ஆனது. கைகாட்டியில் ஊர்ப்பக்கம் திரும்பியதும் நின்றது. அதன் பிறகு வரவே இல்லை.

பச்சையப்பன் இறங்கிக் காரைத் தள்ள ஆரம்பித்தார். ஊர்வரைக்கும் தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் தள்ளினேன். டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். ரொம்ப நேரம் கழித்து மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. அதில் அவர்கள் இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். டாக்டரம்மா மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனது கண் முன்னாலேயே நிற்கிறது. நான் அந்தக் காரோடு நின்றேன். பிறகு அதே டிராக்டர்க்காரர் திரும்பி வந்து கயிறு கட்டிக் காரை இழுத்து வந்து கடையில் விட்டார். கிராமத்தில் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரம்மா நடந்தே கடைக்கு வந்தார். அண்ணன் எழுந்து நின்றார்.

"கொழந்த நல்லா இருக்கு. பொண்ணு. தாய் போயிட்டா" என்றார்.

"நீங்க போறதுக்கு முன்னாடியாம்மா, அப்புறமா?"

"முன்னாடி. கொஞ்சம் முன்னாடிதான்."

அதற்கு மேல் அவர் இருக்கவில்லை. கிளினிக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அண்ணன் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பற்றிக்கொண்டது. தேனீ போல இரைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்க்க முடியாமல் நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"ஏழுமல, நேத்து எப்படி நின்னுது? அழுத்தும்போதா?"

"இல்லண்ணா. சீராப் போய்க்கினு இருந்துது."

"அந்தம்மாவும் அன்னிக்கு அதத்தான சொன்னாங்க. சீரா போவும்போது மட்டும் உள்ள இன்னா நடக்குது?"

சொல்லிக்கொண்டே குனிந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்புரேட்டரிலிருந்து அந்த ரப்பர் குழாயைப் பிடுங்கி வாயில் வைத்து உறிஞ்சினார். எஞ்சின் பட்டென்று நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடி உறிஞ்சினார். மறுபடி நின்றது. ஒரு வாரத்துக்கு முன் எஞ்சினை நிறுத்திவிட்டுச் செய்த அதே சோதனை. ஓடவிட்டுச் செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மூடியைக் கழற்றினோம். கீழ் பிளக்குகளுக்கான பாயிண்டுக்குப் போகும் சின்ன வயரைக் குறடால் பிடித்து மெல்ல இழுத்தார். ரப்பர் போல நீண்டது. உள்ளே செம்பு இருக்கிற வயர் நீளாது. மேலுறை முழுதாக இருந்தது, உள்ளே இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தன. தட்டு நகரும்போதெல்லாம் அவை விலகின. சூடு ஏறியபோது ஒரேயடியாக விலகிவிட்டன. வயர் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

அண்ணன் அதோடு விடவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து மேல் காயிலின் வயரைத் தேடிக்கொண்டு போனார். பாட்டுப் பெட்டி பொருத்திய இடத்தில் யாரோ அந்த வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். எந்த நாட்டில் யார் வெட்டியது என்று யாருக்குத் தெரியும்? அதைச் சேர்த்ததும் மேல் பிளக் இரண்டிலும் நின்ற இடத்திலேயே பொறி வந்தது. உடனே கீழ் பிளக்குகளின் வயர் இரண்டையும் பிடுங்கிப் போட்டார். எஞ்சின் இருமியது, குலுங்கியது, ஆனால் நிற்கவில்லை. மேல் பிளக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓடியது. கடை முழுக்கப் புகை. நான் நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினார்.

"நொண்டிக்கினாவது போய்ச் சேந்திருக்கும்டா" என்றார்.

மாலையில் அவரே கிளினிக்குக்குப் போனார். நானும் போனேன். அந்த வயரைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்தார். எதில் கோளாறு, எதைப் பார்க்காமல் விட்டோம், எப்படிச் செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். டாக்டரம்மா வயரை வாங்கி விரலில் வைத்துப் பார்த்தார்.

"நீங்க வேணாம்னுதான சொன்னீங்க. நான்தான் பிடுங்கிட்டுப் போனேன்" என்றார்.

"சாவி என் பையில இருந்துதும்மா" என்றார் அண்ணன்.

பச்சையப்பன் காரியம் முடிந்த பிறகு வந்தார். அவருடைய சைக்கிள் அன்று சாத்திய இடத்திலேயே கடைத் தூணில் சாய்ந்திருந்தது. அண்ணன் அதைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து வைத்திருந்தார். ஆளைக் கண்டதும் எழுந்து கிட்டே போனார். ஏதோ சொல்லத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

"சைக்கிள எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்" என்றார் பச்சையப்பன். தலை மழித்திருந்தது. டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்து அடிச்சீங்களா? சரி" என்றார். அண்ணனைப் பார்த்து ஒரு தரம் தலையை ஆட்டிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அண்ணனுக்கு நன்றாக இருந்திருக்கும். கடைவாசலிலேயே நின்று, அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கோதண்டம் அண்ணன் எஞ்சின் பக்கமே போகவில்லை. யாரும் சொல்லி நின்றதல்ல, கொஞ்சம் கொஞ்சமாக விலகினார். வண்டி நின்றுபோகிறது என்று யாராவது வந்தால், "ஏழுமலகிட்ட சொல்லுங்க" என்பார். அவர் ஹாரன் பார்ப்பார், ஹெட்லைட் பார்ப்பார், வைப்பர் மோட்டார் பார்ப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஹாரன் அடிக்கலன்னா எவனும் நடுரோட்ல நிக்க மாட்டான் ஏழுமல" என்றார்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைப் போல வண்டிக்காரனைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் இல்லை. அப்படிப்பட்ட ஆள் மீதி வேலைக்காலம் முழுவதையும் ஹாரனோடு கழித்தார். சாவிக்கொத்துக் கதையை மண்டிக்காரர் கடைக்கு வந்து சொல்லும்போதுகூட எழுந்து உள்ளே போய்விடுவார். ரோட்டரி எஞ்சினையே சரி செய்த கடை என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வருகிறவர்களை நான் கவனித்து அனுப்பினேன். அவர்கள் அவரிடம் அந்தக் காரைப் பற்றிப் பேச்செடுக்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையாக இருந்தது.

டாக்டரம்மா பழைய ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டார். மஞ்சள் காரை அதன் பிறகு கேஸுக்கு எடுத்துப் போகவே இல்லை. கிளினிக் ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது, பிறகு யாரோ வெளியூர்க்காரர் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் ஜீப்புக்குச் சின்ன வேலை என்றாலும் எங்கள் கடைக்குத்தான் கொண்டுவருவார். "கோதண்டம், இந்த லைட்டப் பாருங்க" என்பார். அண்ணன் பார்ப்பார். இரண்டு பேரும் லைட்டைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுத்த பிறகு கடையை என்னிடம் விட்டுவிட்டுச் சிங்கவரத்தில் வீட்டோடு இருந்தார். வாரத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். நான் இருந்த ஒரு சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். கிளினிக்கை மூடிவிட்டுச் சென்னையில் தம்பி மகளோடு இருக்கப் போவதாகவும், சொல்லிக்கொண்டு போக வந்ததாகவும் சொன்னார். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது. அண்ணனின் காலில் இருந்த கட்டைத் தானே அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டினார். கட்டிக்கொண்டே பேசினார்.

"கோதண்டம், அந்த வல்லத்துக் கேஸ். நான் நேரத்துக்குப் போயிருந்தாலும் அந்தப் பொண்ணு பொழச்சிருக்க மாட்டா. அவளுக்கு ரத்தம் ஏத்தணும். ரத்தத்துக்கு அன்னிக்கு நான் எங்க போவேன்? கார் போய்ச் சேந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். மனசுல வச்சிக்காதீங்க."

"சரிம்மா" என்றார் அண்ணன்.

டாக்டரம்மாவை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்தினேன்.

"ஏழுமல."

"சொல்லுண்ணா."

"அந்தம்மா சொன்னது நெசமா இருக்குமா?"

"டாக்டருண்ணா அவங்க. தெரியாமலா சொல்லுவாங்க? பொழச்சிருக்காதுண்ணா."

அண்ணன் பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொழச்சிருக்காது, சரி. ஆனா நேரத்துக்குப் போயிருந்தா, அந்தம்மா அந்தப் பொண்ணு கையப் புடிச்சிக்கினு இருந்திருப்பாங்க இல்ல? புருசனும் பக்கத்துல இருந்திருப்பான் இல்ல?"

டாக்டரம்மா சொன்னதையே நானும் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல.

"ஆமாண்ணா. இருந்திருப்பாங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். போர்வையை இழுத்து மூடிவிட்டேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர் என்றார். கிளம்பினேன்.